தோலுக்கு ஒளி மருந்தாவது எப்போது?

கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். சிவசமுத்திரத்தில் காவிரி பாய்ந்து விழும் வேகத்தைக் கொண்டு உற்பத்தி செய்யப்பட்ட அம்மின்சாரம் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே கடந்து சுரங்கங்களை எட்டியது. பெங்களூர் நகரத்து வீதிகளில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல்தான். இவ்வாறு மின்னொளியை முந்திக் கண்ட அவ்வூர், இருளையும் பிற ஊர்கள் காணாத அளவுக்குக் கண்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைக் கடந்திருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் ஆடவர் தலைமுறை தலைமுறையாகப் பகற்பொழுதைப் பூமிக்கு அடியிலே கழித்தனர்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அக்குடும்பங்களின் மக்கள் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் இளைஞரும் பெண்களும் கைப்பேசியில் காணும் விளம்பரங்களுள் ஒன்று, செந்நிறமும் நீலநிறமும் வீசும் முகமூடி பற்றியது. நாள்தோறும் பத்து நிமிடம் அதை அணிந்தால் பரு மறையும், சுருக்கம் நீங்கும், நிறம் தெளியும், தழும்பு ஆறும் என்று அவ்விளம்பரங்கள் கூறுகின்றன. விலையோ ஆயிரக்கணக்கான ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு அது சிறு தொகையன்று. ஆகவே, இக்கூற்றுகளில் எவை பரிசோதனையால் நிறுவப்பட்டவை, எவை அல்ல என்று ஆராய்வது பயனுடையதாகும்.

முதற்கண் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். வெயில் படாதவருக்கு இவ்விளக்கு வெயிலின் குறையை ஈடு செய்யும் என்று சிலர் கருதுகின்றனர். சோவியத் நாட்டிலும் பிரிட்டனிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பணி முடிந்ததும் விசேஷ விளக்குகளின் முன்னே நிற்க வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது உண்மையே. ஆனால் அவ்விளக்குகள் வீசியவை புற ஊதாக் கதிர்கள். அக்கதிர்கள் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். இக்காலத்து வீட்டு முகமூடிகளில் புற ஊதாக் கதிர் கிடையாது, இருக்கவும் கூடாது. அவற்றின் முன்னே மாதக்கணக்கில் அமர்ந்தாலும் வைட்டமின் டி ஒரு துளியும் கூடாது.

ஃபின்சனின் விளக்கு

ஒளியைத் தோல் நோய்க்கு மருந்தாக்கிய முதல் விஞ்ஞானி டென்மார்க் தேசத்து நீல்ஸ் ஃபின்சன். முகத்தை அரித்து உருக்குலைக்கும் ஒருவகைத் தோல் காச நோய் அக்காலத்து ஐரோப்பாவில் பரவியிருந்தது. ஃபின்சன் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்து, நீரால் அதன் வெப்பத்தை நீக்கி, நோயுற்ற இடத்தில் செலுத்தினார். புண்கள் ஆறின. 1903இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே அவர் காலமானார்.

இக்கதையின் சுவையான பகுதி நூறாண்டு கழித்து வருகிறது. நோயைத் தீர்த்தது புற ஊதாக் கதிரே என்று ஃபின்சன் நம்பினார், உலகமும் நம்பிற்று. 2005இல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பழைய கருவிகளை எடுத்துப் பரிசோதித்தபோது, 340 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை அவற்றின் வடிகட்டிகள் தடுத்துவிட்டன என்பது வெளிப்பட்டது. அப்படியானால் கிருமிகளைக் கொன்றது எது? காசநோய்க் கிருமி போர்பிரின் என்னும் இரசாயனப் பொருளைத் தன்னுள் வைத்திருக்கிறது. 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா நிற ஒளி அப்பொருளின் மீது படும்போது, அது ஒளியின் சக்தியை உறிஞ்சித் தன் அருகிலுள்ள பிராணவாயுவைக் கடுமையான, எதையும் தாக்கவல்ல நிலைக்கு மாற்றிவிடுகிறது. கிருமி தன்னிடமுள்ள பொருளாலேயே வெந்து மடிகிறது. முகப்பருவுக்கு நீல முகமூடி விற்போர் இன்று கூறும் காரணமும் இதுவேயாம். பருவில் வாழும் கிருமியும் போர்பிரினை உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது.

ஒளிச் சிகிச்சையின் மற்றொரு கிளைக்கு நம் பக்கத்திலேயே வேர் உண்டு. வெண்புள்ளி கண்டவருக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் இருக்கச் செய்வது நம் நாட்டு வைத்தியர்கள் பழங்காலந்தொட்டு அறிந்த முறை. அவ்விதையினுள்ளிருந்து அம்மாற்றத்தை விளைவிக்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1933இல் வெளியிட்டோர் ஜாயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் ஆகிய நம் நாட்டு இரசாயன ஆராய்ச்சியாளர்களே. அப்பொருளுக்குச் சோரலென் என்று பெயர். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளை எகிப்து நாட்டு மருத்துவர் எல் மொஃப்டி 1940களில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். 1974இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், சோரலென்னை உட்கொள்ளச் செய்து புற ஊதாக் கதிரைச் செலுத்தும் முறை சொரியாசிஸ் நோய்க்கு நல்ல பலன் தருவதாகக் காட்டப்பட்டது. இன்று வெண்புள்ளிக்குப் பெரும்பாலும் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிரையே, மருந்து எதுவுமின்றி, மருத்துவமனைகளில் அளந்து செலுத்துகின்றனர். இவை யாவும் மருத்துவரின் கண்காணிப்பில் நடைபெற வேண்டியவை. சோரலென்னைப் பூசிக்கொண்டு அளவு தெரியாமல் வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துவிடும். கடையில் வாங்கும் சிவப்பு, நீல முகமூடியோ இந்த வேலையைச் செய்யும் கருவியே அன்று. வெண்புள்ளிக்கு அதை வாங்குவது, தலைவலிக்குக் காதில் சொட்டு மருந்து விடுவதைப் போன்றது.

ஒளி தோலைக் கடந்து உள்ளே வேலை செய்யுமா என்று ஐயுறுவோர் அரசு மருத்துவமனையின் பிரசவப் பிரிவைச் சென்று காணலாம். 1956இல் இங்கிலாந்தில் ரோச்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியான வார்டு அம்மையார், மஞ்சள் காமாலை கண்ட குறைமாதக் குழந்தைகளை இளவெயிலில் கொண்டுபோய் வைப்பார். வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருந்ததை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். 1958இல் அது ஆராய்ச்சிக் கட்டுரையாயிற்று. தோலுக்கடியிலுள்ள பிலிருபின் என்னும் மஞ்சட் பொருளை நீல ஒளி எளிதில் வெளியேறத்தக்க வடிவத்திற்கு மாற்றிவிடுகிறது. இன்று நம் மருத்துவமனைகளில் குழந்தைகளின் மேல் ஒளி வீசும் நீல விளக்குகளிற் பல எல்.இ.டி. விளக்குகளே. (வீட்டில் வாங்கிய முகமூடியைக் கொண்டு குழந்தையின் காமாலைக்கு யாரும் சிகிச்சை செய்ய முற்படலாகாது. பிலிருபின் அளவுக்கு மீறினால் மூளை கெடும். இரத்தப் பரிசோதனையின்றி அதை அறிய இயலாது.)

எல்.இ.டி. என்பது யாது?

மின்சாரம் பாயும்போது ஒளி உமிழும் சிறு படிகத் துண்டே எல்.இ.டி. கம்பியைக் காய்ச்சி ஒளி பெறும் பழைய பல்பு எல்லா நிறங்களையும் கலந்து, அவற்றைவிடப் பன்மடங்கு வெப்பத்தையும் வீசும். எல்.இ.டி.யோ ஏறத்தாழ ஒரே நிறத்தைத் தரும். படிகம் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து அந்நிறம் அமையும். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலோனியாக் செய்து காட்டினார். பிரகாசமான நீல எல்.இ.டி. கைகூடுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பெற்றனர்.

சிவப்பு ஒளிக்கும் உயிர்த் திசுக்களுக்கும் உள்ள தொடர்பு எதிர்பாராமல் தெரியவந்தது. 1967இல் புடாபெஸ்ட் நகரத்தில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர் மயிர் மழித்த சுண்டெலிகளின் மீது மெல்லிய லேசர் ஒளியைச் செலுத்தினார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. 1990களில் அமெரிக்க விண்வெளி நிறுவனம், விண்கலத்தில் செடி வளர்க்கச் சிவப்பு எல்.இ.டி.க்களைப் பயன்படுத்திற்று, அவ்விளக்குகளைப் பின்னர்ப் புண் ஆற்றுவதற்கும் பரீட்சித்தனர். உயிரணுவினுள் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி செந்நிறத்தையும் அதையடுத்த அகச்சிவப்பையும் உறிஞ்சுகிறது என்றும், அதனால் உயிரணு ஊக்கம் பெறுகிறது என்றும் விளக்கம் கூறுகின்றனர். இவ்விளக்கம் பெரிதும் ஏற்கப்பட்டதெனினும் இறுதியாக நிறுவப்பட்டதன்று. இதன்மேல் விஞ்ஞானிகளிடையே வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தோலின் எந்த ஆழத்தை எந்த நிறம் எட்டும் என்பதில் இத்தகைய வாதம் இல்லை. நீல ஒளி ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக்கூட முழு வலிமையோடு எட்டாது. இரத்தமும் மெலனின் என்னும் கருநிறமியும் அதை விழுங்கிவிடும். சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் செல்லும். கைவிளக்கை விரல் நுனியில் வைத்து அழுத்தினால் மறுபுறம் செக்கச்செவேலென்று தெரிவது இதனாலேயே.

பருவும் சுருக்கமும்

வீட்டு விளக்குகளைப் பற்றிய கூற்றுகளில் ஓரளவு உறுதியான சான்றுள்ளது முகப்பருவுக்கே. 2000ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான ஒரு பரிசோதனையில், இலேசான அல்லது நடுத்தரமான பரு உடைய 107 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு நீல ஒளி. ஒரு குழுவுக்கு நீலமும் சிவப்பும் கலந்த ஒளி. ஒரு குழுவுக்குச் சாதாரண வெள்ளை ஒளி. மற்றதற்கு பென்சாயில் பெராக்சைடு களிம்பு. எடுத்துச் செல்லத்தக்க சிறு விளக்கைக் கொண்டு நாள்தோறும் 15 நிமிடம் ஒளி செலுத்தப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் கலப்பு ஒளி பெற்ற குழுவினரிடம் சிவந்து வீங்கிய பருக்களில் சராசரி 76 சதவீத முன்னேற்றம் காணப்பட்டது. மற்ற மூன்று குழுக்களைவிட அது மேலானது. இப்பரிசோதனையில் இருந்தவை எல்.இ.டி. விளக்குகள் அல்ல. பின்னர் எல்.இ.டி.யைக் கொண்டு நடந்த சிறு சிறு பரிசோதனைகள் பல ஏறக்குறைய இதே திசையில் பலன் காட்டின. ஆயினும் எண்ணிக்கையிலும் முறையிலும் அவை ஒன்றோடொன்று ஒவ்வாதவையாதலால், தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் தயக்கத்துடனேயே பேசுகின்றனர். கரும்புள்ளிக்கும், ஆழத்தில் கட்டிபோல் எழும் கடும் பருவுக்கும் ஒளியை நம்புவதற்கில்லை. கடும் பருவைத் தக்க மாத்திரைகளால் காலத்தே அடக்காவிடில் குழித் தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

சுருக்கத்தைக் குறைப்பதில் சிவப்பு ஒளிக்குச் சிறு பயன் உண்டென்று சில பரிசோதனைகள் கூறுகின்றன. அப்பயன் மெல்ல வரும், நிறுத்தினால் போய்விடும். வெயிலில் குடை பிடிப்பதும் புகையிலையை விடுவதும் சுருக்கத்திற்கு இதைவிட வலிமையான தடை என்று கூறுவது மிகையாகாது. விளம்பரங்கள் கூறும் ஏனைய பயன்களில் நேரத்தைச் செலவிட வேண்டுவதில்லை.

நம் தோலின் நிறம்

இவ்விடத்தில் நம் நாட்டவர் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒளிச் சிகிச்சைப் பரிசோதனைகளிற் பெரும்பாலானவை ஐரோப்பியரையும் வெள்ளை அமெரிக்கரையும் கொண்டு நடந்தவை. கருநிறமி மிகுந்த தோல் அவ்வொளிக்கு அதே வகையில் இணங்குமா?

2010இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், புற ஊதாக் கதிர் கலவாத வெறும் கண்ணொளியை இரு வகைத் தோலினர் மீது செலுத்தினர். வெள்ளைத் தோலில் கறுப்பு ஏறவில்லை. மாநிறமும் கருநிறமும் உடையோரின் தோல் கறுத்தது. அக்கறுப்பு நாட்கணக்கில் நீடித்தது. 2014இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதை மேலும் பகுத்துக் கண்டனர். 415 நானோமீட்டர் ஊதா நீல ஒளி பட்ட இடம் கறுத்து, சிலரிடம் மூன்று மாதம் வரை அவ்வாறே இருந்தது. 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்ட இடத்தில் கறுப்பு உண்டாகவில்லை. நிறமி உண்டாக்கும் உயிரணுக்களில் நீல ஒளியை உணரும் ஒரு புரதம் இருப்பதையும், அதுவே இம்மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதையும் 2018இல் விளக்கினர்.

பருவுக்கென விற்கப்படும் முகமூடிகளில் வழக்கமாக இருக்கும் நீலமும் அந்த 415ஐ ஒட்டியதுதான்! பரு ஆறிய இடத்தில் கருந்தழும்பு விழுவது நம்மவர் தோலின் இயல்பு. பருவைவிட அத்தழும்புக்கே நம் வீட்டுப் பெண்கள் அதிகம் வருந்துகின்றனர். அதை அகற்றும் ஆசையால் நீல ஒளியை நாள்தோறும் முகத்தில் பாய்ச்சுவது, தழும்பை இன்னும் கறுக்க வைக்கக்கூடும். கன்னத்தில் மங்கு படர்ந்தவர்களுக்கு இவ்வபாயம் இன்னும் கூடுதல். மங்கு உள்ளவர் நீல ஒளியை அறவே தவிர்க்க வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சிகளிலிருந்து நாம் பெறும் முடிவு. விளம்பரத் தாளில் இவ்வெச்சரிக்கையைக் காண்பது அரிது.

சிவப்பு ஒளியிலும் தோல் நிறத்தால் வேறுபாடு உண்டு. 2020இல் நியூயார்க்கில் வெளியான இரு பரிசோதனைகளில், வெள்ளைத் தோலினர் சதுர சென்டிமீட்டருக்கு 480 ஜூல் வரை சிவப்பு எல்.இ.டி. ஒளியைத் தீங்கின்றித் தாங்கினர். நிறத் தோலினருக்கு அவ்வெல்லை 320 ஜூலாகக் குறைந்தது. கருநிறமி ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் இவ்வாறு நேருவதில் வியப்பில்லை.

அளவு

மேலே ஜூல் என்று சொன்னோம். ஒளி மருந்தானால், அதன் அளவே ஜூல். மாத்திரையின் மேல் மில்லிகிராம் அச்சிட்டிருப்பது போலவே ஒளிக் கருவியின் மேலும் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: ஒன்று அலைநீளம், மற்றொன்று தோலின் மேல் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியின் வலிமை, மில்லிவாட்டில். வலிமையை நொடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 30 மில்லிவாட் வலிமையுள்ள முகமூடியைப் பத்து நிமிடம் அணிந்தால் 18 ஜூல். அதுபோன்றே தோற்றமளிக்கும் மற்றொரு முகமூடியின் வலிமை 3 மில்லிவாட்டாக இருந்தால், அதே பத்து நிமிடத்தில் கிடைப்பது 1.8 ஜூல் மட்டுமே. இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். ‘200 விளக்குகள் கொண்டது’ என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதால் இவ்விரண்டில் எது நம் கையில் இருக்கிறது என்று அறிய வழியில்லை.

ஒளியை எண்ணி அளக்கும் திறமைக்குக் கோலார் தங்க வயல் விஞ்ஞான உலகில் பெயர் பெற்ற இடமென்பதை இங்கு நினைவுகூரலாம். 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களைச் சேர்ந்தோரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் விளைவைக் கண்டனர். துகள் ஒன்று பிளாஸ்டிக் பாளத்தைக் கடக்கும்போது தோன்றி மறையும் நுண்ணிய ஒளிப் பொறியைத்தான் அக்கருவிகள் பதிவு செய்தன. அந்த ஊரில் வாழ்வோர், அளவு எழுதப்படாத விளக்கைக் காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை.

30 மில்லிவாட் கருவியில் 320 ஜூலை எட்ட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ஆதலால் சொன்ன நேரத்திற்கு அணிவோருக்குத் தோல் வெந்துபோகும் என்ற பயம் வேண்டாம். விரைவில் பலன் காணும் ஆவலால் பத்து நிமிடத்தை ஒரு மணியாக்குவோரே தவறு செய்கின்றனர். சிறு அளவில் உயிரணுவை ஊக்கும் சிவப்பு ஒளி, அளவு மீறும்போது அதே உயிரணுவைத் தளரச் செய்கிறது என்று சோதனைச் சாலைகளில் கண்டிருக்கின்றனர்.

வெயிலோடு ஒப்பிட்டால் இவ்வளவுகள் தெளிவாகும். நடுப்பகலில் தெளிந்த வானத்தின் கீழ் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சூரிய சக்தி ஏறத்தாழ 100 மில்லிவாட். அதில் 600 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள சிவப்புப் பகுதி மட்டும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அவ்வாறாயின் வெயிலிலேயே நிற்கலாமே என்று கேட்கத் தோன்றும். வெயிலில் சிவப்போடு நீலமும், தோலை முதுமையடையச் செய்யும் புற ஊதாவும் சேர்ந்தே வருகின்றன. வேண்டிய நிறத்தை மட்டும் பிரித்துத் தருவதே எல்.இ.டி.யின் சிறப்பு.

கண்ணுக்கு ஆகாதவை

முகமூடியின் விளக்குகள் இமைக்கு ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில் எரிகின்றன. நீல ஒளி விழித்திரைக்குத் தீங்கு செய்யவல்லது. உலகெங்கும் விற்பனையான ஒரு முகமூடியை, கண்ணோய் உள்ளோருக்கு அபாயம் நேரலாம் என்ற காரணத்தால் அதன் தயாரிப்பாளரே 2019இல் திரும்பப் பெற்றுக்கொண்டார். கண்ணை முற்றிலும் மறைக்கும் மூடி உள்ளே அமைந்த கருவியே ஏற்றது. விளக்குகளின் ஒளி அபாயத்தை வகைப்படுத்தும் இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு; அதன் எண் 16108. விற்போரிடம் அதைக் கேட்கலாம்.

மருந்து உட்கொள்வோர் பற்றியும் ஒரு சொல். முகப்பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரையும், இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகளும் தோலை ஒளிக்குக் கூசச் செய்பவை. லூப்பஸ் நோய் உடையோருக்கு ஒளியே பகை. இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் முகமூடி அணிதல் தகாது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது என்ற வாசகத்தைப் பல பெட்டிகளில் காணலாம். முன்னரே சந்தையிலுள்ள ஒரு கருவியை ஒத்தது என்று காட்டிப் பெறும் அனுமதியே பெரும்பாலும் அது. நோய் தீர்க்கும் என்று நிறுவியதற்கான நற்சாட்சி அன்று. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின் வரையறைக்குள் வந்துள்ளன. நோயைக் குணப்படுத்தும் என்று கூறி விற்கும் கருவிக்குப் பதிவெண் உண்டா என்று கேட்பது வாங்குவோரின் உரிமை.

இலேசான பருவுக்கு முதலில் முயல வேண்டியது விளக்கு அன்று என்பது என் கருத்து. லண்டன் பரிசோதனையில் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பென்சாயில் பெராக்சைடு மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அதன் பயன் பல்லாண்டு அனுபவத்தால் நிறுவப்பட்டது. அதில் எரிச்சல் கண்டவரும், மருந்து உட்கொள்ள இயலாதவரும் விளக்கை முயன்று பார்க்கலாம். அங்ஙனம் முயல்வோர் முதல் நாளன்று பருக்களை எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் வார முடிவில் மறுபடியும் எண்ணிப் பார்த்தால், கருவி உழைத்ததா அன்றா என்பது தெரிந்துவிடும். கருமை ஏறினால் அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

விளக்கு செய்யும் தாமதம்

தங்க வயலில் வேறொரு தோல் தொல்லையும் உண்டு. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் ஊரைச் சூழக் குன்றுகளாக நிற்கின்றன. காற்று வீசும் மாதங்களில் அவற்றின் தூசு வீடுகளுக்குள் பறந்து வருகிறதென்றும், அதனால் அரிப்பும் இருமலும் உண்டாகின்றன என்றும் அங்குள்ளோர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தூசினால் வரும் அரிப்புக்குத் தூசியைத் தடுப்பதும், குளிர்ந்த நீரில் கழுவுவதும், மருத்துவர் தரும் களிம்புமே பரிகாரம். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகப் படரும் படர்தாமரைக்கும் ஒளி உதவாது. அது பூஞ்சை நோய். முழுக் காலமும் மருந்து பூசினால் தீரும். கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் முதலில் அடங்கியது போலிருந்து பின்னர்ப் பன்மடங்காகப் பரவும்.

இவை யாவற்றினும் கவலைக்குரியது, வெளிறிய அல்லது செம்பு நிறமான தேமல் போன்ற படை. அழகு குறைகிறது என்று எண்ணி அதன்மேல் மாதக்கணக்கில் விளக்கு காட்டிக்கொண்டிருக்கையில், அது தொழுநோயின் முதல் அடையாளமாக இருந்துவிடக்கூடும். தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2005இல் அறிவிக்கப்பட்டபோதிலும், நம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு லட்சம் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. நோயின் கிருமி நரம்பைத் தின்கிறது. தொடக்கத்திலேயே மருந்துண்டால் ஒரு குறையும் இல்லாமல் குணமாகும். தாமதித்தால் நோய் தீர்ந்தாலும் இழந்த உணர்ச்சியும் மடங்கிய விரலும் திரும்பா.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடச் செய்து, பஞ்சை முறுக்கிய நுனியால் முதலில் நல்ல தோலையும் பின்னர் அப்படையையும் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். படையின் மேல் தொட்டது தெரியவில்லையென்றால், அல்லது அங்கே வியர்வையின்றி மயிர் உதிர்ந்திருந்தால், அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். உணர்ச்சி நன்றாக இருந்தாலும், படை மாதக்கணக்கில் மறையாது நின்றால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. மருந்து எல்லா அரசு நிலையங்களிலும் இலவசம். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொள்ள வேண்டும். முதல் வேளை மருந்து உண்ட சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றாத நிலையை அடைந்துவிடுகிறது. ஆகவே நோயாளி வீட்டிலேயே, மனைவி மக்களுடனேயே இருந்து, வேலைக்கும் சென்றுகொண்டு சிகிச்சையை முடிக்கலாம்.